வில்லன் மேல ஏன் இரக்கம் வரமாட்டேங்குது?

கேள்வி இதுதான். கதையில வில்லனுக்கு மூணு பக்கத்துக்கு சோகமான பிளாஷ்பேக் வெச்சாச்சு, அப்பா அடிச்சது, அம்மா செத்தது, கூடப் படிச்சவங்க ஒதுக்குனது எல்லாம் இருக்கு, ஆனா படிச்சுப் பார்த்தவங்க "ம், சரி"ன்னு தாண்டிப் போயிடுறாங்க, ஒருத்தருக்கும் பாவம்னு தோணல, இன்னும் என்ன சேர்த்தா இரக்கம் வரும்?

எதையும் சேர்க்காதீங்க. அந்த மூணு பக்கத்தைக் கழட்டி தனியா ஒரு ஓரமா வெச்சுட்டு, மிச்சம் இருக்கிற கதையில அவன் எப்படி இருக்கான்னு பாருங்க. அனேகமா அங்க அவன் கத்திக்கிட்டும் மிரட்டிக்கிட்டும்தான் இருப்பான். இரக்கம் வரலேன்னா காரணம் அங்கதான் இருக்கு.

பிளாஷ்பேக் கதையில வந்து நிக்கிறதே ஒரு வக்கீல் வாதம் மாதிரிதான். "கனம் கோர்ட்டார் அவர்களே, என் கட்சிக்காரர் சின்ன வயசுல ரொம்ப கஷ்டப்பட்டவர்". வாதம்னு வந்துட்டா படிக்கிறவன் ஜட்ஜ் சீட்டுல ஏறி உக்காந்துடுவான், உக்காந்ததும் அவனுக்கு வர்ற முதல் யோசனை என்னன்னா, அடி வாங்கி வளர்ந்தவன் எத்தனையோ பேர் இருக்கான், எல்லாரும் போய் கொலையா பண்றான்? நியாயமான கேள்வி, உங்ககிட்ட பதிலும் கிடையாது. சைக்காலஜில இதைப் பத்தி நிறைய பேசியிருக்காங்க. நாம லேட்டா வந்தா டிராபிக், அடுத்தவன் லேட்டா வந்தா அவன் சோம்பேறி. நம்ம தப்புக்கு சூழ்நிலையைக் காரணம் சொல்றோம், ஆனா அடுத்தவன் தப்புனு வந்துட்டா சூழ்நிலையை விட்டுட்டு அவன் குணம்தான் காரணம்னு நினைக்கிறோம், அடுத்தவனை இப்படிப் பார்க்கிற பழக்கத்துக்கு லீ ராஸ்ங்கிற அமெரிக்க சைக்காலஜிஸ்ட் 1977-ல பேரே வெச்சாரு. அப்ப கதை எழுதுறவனோட வேலை என்ன? படிக்கிறவன் தன் தப்பை எப்படிப் பார்ப்பானோ அதே மாதிரி வில்லனோட தப்பையும் பார்க்க வைக்கணும். அதுக்கு இருபது வருஷத்துக்கு முன்னாடி நடந்ததைச் சொன்னா பத்தாது, இப்ப, இந்த நிமிஷம், அவன் தப்பு பண்ற இடத்துல படிக்கிறவனும் கூட நிக்கணும்.

இதுக்கு ஹிட்ச்காக்கோட சைக்கோ படத்துல (1960) ஒரு சீன் இருக்கு, வில்லன் எழுதுற யாரா இருந்தாலும் அதைப் பத்து தடவை போட்டுப் பார்க்கலாம். கதாநாயகின்னு நாம நம்பிட்டு இருந்த பொண்ணு படம் பாதி கூட ஆகறதுக்குள்ள குளிக்கிற இடத்துல கொல்லப்படுறா. அப்புறம் அந்த மோட்டல் நடத்துற பையன் வர்றான், பார்த்து அதிர்ந்துபோய் வாயைப் பொத்திக்கிறான், அதுக்கப்புறம் ரொம்ப நேரம் வசனமே இல்லாம அந்த பாத்ரூமை கழுவுறான். துடைக்கிறான், அலசுறான், பாடியை ஷவர் திரையில சுத்துறான், அவ சாமானை எல்லாம் அள்ளி கார் டிக்கியில போடுறான், அந்தக் காரைக் கொண்டுபோய் சேத்துக் குட்டையில தள்ளி விட்டுட்டு கரையில நின்னு எதையோ கொறிச்சுக்கிட்டே பார்க்குறான். கார் மெதுவா முங்குது. பாதிக்கு மேல முங்கினதும் டக்குன்னு நின்னுடுது. அவன் அந்தப் பக்கம் இந்தப் பக்கம் பார்க்குறான். தியேட்டர்ல உக்காந்திருக்கிற அத்தனை பேரும் அந்த ரெண்டு மூணு செகண்டு என்ன நினைக்கிறாங்க தெரியுமா, "ஐயோ, முங்கித் தொலையேன்"னு. உள்ள இருக்கிறது நாம அரைமணி நேரத்துக்கு மேல கூடவே போன பொண்ணோட பாடி!

அந்த இடத்துல கொன்னது அவன் அம்மா, இவன் மூடி மறைக்கிற மகன் மட்டும்தான்னு நாம நினைச்சுட்டு இருக்கோம்ங்கிறது உண்மைதான், அதனால கொஞ்சம் சுலபமாயிடுது. ஆனாலும் கவனிங்க, அந்த நேரத்துல அவனைப் பத்தின சோகக் கதை ஒண்ணும் நம்ம மனசுல ஓடல. நம்ம கண்ணு முன்னாடி நடக்கிறது ஒரு வேலை, அந்த வேலையை ஒருத்தன் பொறுப்பா பண்றான், அதுல ஒரு தடங்கல் வருது, மாட்டிக்குவானோன்னு ஒரு பயம் வருது. இவ்வளவுதான். மனுஷ மூளை இருக்கே, ஒருத்தன் ஒரு காரியத்தை முடிக்கத் தவிக்கிறதைப் பார்த்தா அது முடியணும்னு தன்னால ஆசைப்பட ஆரம்பிச்சுடும், காரியம் நல்லதா கெட்டதான்னு யோசிக்கிறது அப்புறம்தான். மர்ரே ஸ்மித்னு ஒருத்தர் சினிமா கேரக்டர்ஸ் பத்தி 1995-ல எழுதின புத்தகத்துல இதை ரெண்டா பிரிச்சு சொல்றாரு, ஒரு கேரக்டர் கூடவே நாம போறது ஒண்ணு, அவன் பக்கம் நிக்கிறது இன்னொண்ணு. கூடவே போனா கட்டாயம் அவன் பக்கம் சாஞ்சுடுவோம்னு இல்ல, ஆனா கூடப் போகாம சாயறது ரொம்ப கஷ்டம்.

சரி, எழுத்துல இதை எப்படிக் கொண்டு வர்றது? ஒரு உதாரணம் எழுதியே காட்டுறேன். அண்ணன் சொத்தை ஏமாத்தி எழுதி வாங்கப் போற தம்பி ஒருத்தன், அவன்தான் வில்லன். வழக்கமா எப்படி எழுதுவோம்: "சின்ன வயசுல இருந்தே அண்ணனுக்குத்தான் எல்லாம் கிடைக்கும், அவனை யாரும் கண்டுக்க மாட்டாங்க, அந்த வலிதான் அவனை இந்த நிலைக்குத் தள்ளிச்சு". செத்துப்போன வரி. இப்ப இதையே மாத்திப் பார்ப்போம். ராத்திரி, மேஜை விளக்கு, அண்ணன் எப்பவோ போட்ட பழைய லெட்டரை அடியில வெச்சு மேல வெள்ளைத்தாள் போட்டு கையெழுத்து பழகிட்டு இருக்கான். பேரோட முதல் எழுத்து "சு". அந்தச் சுழி வரமாட்டேங்குது, அண்ணன் கொஞ்சம் பெருசா, அவசரமா போடுவான், இவன் போட்டா அது வரைஞ்ச மாதிரி இருக்கு. நாலஞ்சு தாள் கசங்கிப் போச்சு. கடைசியா அலுத்துப்போய் லெட்டரைப் பார்க்காம கையை அது பாட்டுக்கு விடுறான், அச்சு அசலா வந்துடுது. ஏன்னா எழுதப் பழகின வயசுல அவன் விரலைப் புடிச்சு அந்தச் சுழியைப் போட வெச்சதே அண்ணன்தான். அதைப் பார்த்துட்டு கொஞ்ச நேரம் சும்மா உக்காந்திருக்கான், அப்புறம் பத்திரத்தை எடுத்து அதே வேகத்துல போடுறான். அந்த நேரம் வெளியில கதவு தட்டுற சத்தம்.

இதுல பிளாஷ்பேக் ஒரே ஒரு வரி, அதுவும் அவனுக்கு சாதகமா இல்ல, சொல்லப்போனா அவன் துரோகத்தை இன்னும் பெருசாக்குது. ஆனா படிக்கிறவன் அவனை வெறுத்துக்கிட்டே கதவு தட்டுற சத்தத்துக்கு பதறுவான். அவன் பண்றது தப்புங்கிறதை நீங்க ஒரு இஞ்ச் கூட குறைக்கல, அவன் நெருக்கத்தை மட்டும் கூட்டியிருக்கீங்க. நிறைய பேர் இந்த இடத்துலதான் குழம்புறாங்க, இரக்கம் வரணும்னா குற்றத்தைச் சின்னதாக்கணும்னு நினைச்சுடுறாங்க. குற்றத்தைச் சின்னதாக்கினா வில்லனும் சின்னதாயிடுவான், அப்புறம் கதையே சப்புன்னு போயிடும்.

அடுத்தது அவன் யாருக்கு என்னவா இருக்கான்ங்கிறது. துரியோதனனை எடுத்துக்கோங்க. பாஞ்சாலியை சபைக்கு இழுத்துட்டு வரச் சொன்னவன், அதுக்கு மேல என்ன வேணும் வெறுக்க. ஆனா வில்லிபாரதத்துல ஒரு பாட்டு இருக்கு. குந்தி வந்து கர்ணன்கிட்ட நீ என் மகன், பாண்டவங்க பக்கம் வந்துடுன்னு கூப்பிடுறா, அப்ப அவன் ஒரு சம்பவத்தைச் சொல்றான். துரியோதனன் மனைவி கூட கர்ணன் தனியா இருந்த இடத்துல (சொக்கட்டான் ஆடிட்டு இருந்தாங்கன்னு கதை சொல்றவங்க சொல்லுவாங்க) அவ மேகலை அறுந்து மணியெல்லாம் சிதறிடுது, அந்த நேரம் பார்த்து புருஷன் உள்ள வர்றான். வந்தவன் கேட்டது, "எடுக்கவோ கோக்கவோ?". மணியைப் பொறுக்கித் தரட்டுமா, கோத்துத் தரட்டுமா, அவ்வளவுதான். அப்படிப்பட்டவனுக்கு செஞ்சோற்றுக் கடன் கழிக்கிறதுதான் இனி எனக்குப் புகழும் தர்மமும்னு சொல்லி கர்ணன் மறுத்துடுறான்.

இதுல எத்தனை நுணுக்கம் பாருங்க. துரியோதனன் நல்லவன்னு கவிஞர் சொல்லல, இன்னொரு கேரக்டர் சொல்றான். அவனும் சும்மா பாராட்டுறதுக்காகச் சொல்லல, பெத்த தாய் கூப்பிடும்போது போகாம இருக்கிறதுக்கு காரணமா சொல்றான், அதாவது அந்த வார்த்தைக்காக ஒருத்தன் உயிரையே குடுக்கப் போறான். அதோட துரியோதனன் காட்டின அந்த நல்ல குணம் அவன் வில்லத்தனத்துக்கு சம்பந்தமில்லாத ஏதோ ஒரு அலங்காரம் கிடையாது, நம்பினா முழுசா நம்புவான், பகைச்சா முழுசா பகைப்பான், ரெண்டும் ஒரே ஆளோட குணம். இப்ப வர்ற கதைகள்ல வில்லனுக்கு நாய்க்குட்டி வளர்க்கிறது, பூச்செடிக்கு தண்ணி ஊத்துறதுன்னு ஒட்ட வைக்கிறாங்களே, அது ஏன் ஒட்டமாட்டேங்குதுன்னா அந்த நாய்க்குட்டிக்கும் அவன் பண்ற கொலைக்கும் நடுவுல ஒரு நூல் கூட இல்ல.

கம்பன் கும்பகர்ணனை வேற மாதிரி பண்ணியிருக்கான். கும்பகர்ணனுக்கு அண்ணன் பண்ணது தப்புன்னு நல்லா தெரியும், சீதையை விட்டுடுன்னு நேர்லயே சொன்னவன். போர்க்களத்துல விபீஷணன் வந்து ராமன் பக்கம் வந்துடுன்னு கூப்பிடும்போது, "நீர்க்கோல வாழ்வை நச்சி, நெடிது நாள் வளர்த்துப் பின்னைப் போர்க்கோலம் செய்து விட்டாற்கு உயிர் கொடாது அங்குப் போகேன்"னு சொல்லிடுறான். தண்ணியில போட்ட கோலம் மாதிரி நிக்காத வாழ்க்கைக்கு ஆசைப்பட்டு, என்னை இத்தனை நாள் வளர்த்து, போர்க்கோலமும் போட்டு அனுப்பி வெச்சவனுக்கு உயிரைக் குடுக்காம அங்க வரமாட்டேன்னு அர்த்தம். தப்பான பக்கம்னு தெரியாம நிக்கிறவன் மேல வர்ற இரக்கத்தை விட, தெரிஞ்சே நிக்கிறவன் மேல வர்ற இரக்கம் கனம் ஜாஸ்தி. உங்க வில்லனுக்கு தான் பண்றது தப்புன்னு தெரியுமா தெரியாதா, தெரிஞ்சா அவனை நிறுத்தி வெச்சிருக்கிறது எது, இந்த ஒரு கேள்விக்கு பதில் கிடைச்சாலே பாதி வேலை முடிஞ்சது.

அப்ப பிளாஷ்பேக்கே கூடாதான்னா, அப்படி இல்ல. பேட்மேன் கதைகள்ல மிஸ்டர் ஃப்ரீஸ்னு ஒரு வில்லன். 1959-ல காமிக்ஸ்ல முதல்ல வந்தப்ப அவன் பேரு மிஸ்டர் ஜீரோ, ஐஸ் துப்பாக்கி வெச்சுக்கிட்டு கொள்ளையடிக்கிற ஒரு காமெடி பீஸ்னே சொல்லலாம். 1992-ல வந்த அனிமேஷன் சீரிஸ்ல ஒரே ஒரு எபிசோட், அதுல அவன் தலையெழுத்தே மாறிப்போச்சு. தீராத வியாதி வந்த மனைவியை மருந்து கண்டுபிடிக்கிற வரைக்கும் உறைய வெச்சு காப்பாத்திட்டு இருந்த விஞ்ஞானி அவன், கம்பெனி முதலாளி செலவுக் கணக்கு பார்த்து அதை நிறுத்த வந்ததுல நடந்த கைகலப்புலதான் இவன் உடம்பு உறைகுளிர்ல மட்டுமே வாழ முடியற மாதிரி ஆயிடுது. அந்த எபிசோடுக்கு எழுத்துக்காக எம்மி விருது கிடைச்சுது, அப்புறம் காமிக்ஸ்காரங்களே இந்தக் கதையை எடுத்துக்கிட்டாங்க.

பார்த்தா இதுவும் சோக பிளாஷ்பேக்தானே, இது மட்டும் எப்படி வேலை செய்யுது? அது வர்ற விதத்தைப் பாருங்க. அவன் உக்காந்து தன் கதையைச் சொல்லி அழல. பேட்மேன் துப்பு தேடிப் போய் அந்தக் கம்பெனியில ஒரு பழைய வீடியோ டேப்பைப் போட்டுப் பார்க்குறான், அதுல பதிவாகியிருக்கு. அதாவது அவனைப் புடிக்க வேண்டியவன் கைக்கு அந்த உண்மை கிடைக்குது, கிடைச்சதும் அவன் வேலை கஷ்டமாயிடுது, இனிமே அவன் யாரைத் தடுக்கணும், யாரைக் காப்பாத்தணும்? பழைய கதை தெரிஞ்சதால இப்ப நடக்கிற கதையில ஏதாவது மாறணும், மாறலேன்னா அது வெறும் தகவல். இன்னொண்ணு, அந்த எபிசோட் ஆரம்பிக்கிறதே கண்ணாடி உருண்டைக்குள்ள ஆடுற ஒரு சின்ன நடனப் பொம்மைகிட்ட ஃப்ரீஸ் பேசுறதுலதான். யாரு, எதுக்குன்னு நமக்குத் தெரியாது. கேள்வி முதல்லயே மனசுல விழுந்துட்டதால பதில் வரும்போது அது நாம தேடிட்டு இருந்த பதிலா இருக்கு. உங்க கதையில கேட்காத கேள்விக்கு மூணு பக்கம் பதில் சொல்றீங்களோன்னு எனக்கு சந்தேகம்.

இப்ப யாரும் அதிகமா பேசாத ஒரு விஷயம், பாதிக்கப்பட்டவங்க. வில்லன் மேல இரக்கம் கூடுறதும் குறையுறதும் வில்லனை விட அவன் கையால அடிபடுறவங்களை நீங்க எவ்வளவு காட்டுறீங்கங்கிறதுலதான் இருக்கு. ஷேக்ஸ்பியரோட மேக்பத் நாடகத்துல, மேக்பத் பண்ற ராஜா டங்கன் கொலை மேடையில நடக்காது, உள்ள நடக்குது. நாம பார்க்கிறது கொலை பண்ணிட்டு ரத்தக் கையோட நடுங்கிக்கிட்டு வெளியில வர்ற மேக்பத்தைத்தான், அதனால நம்ம மனசு அவன் நடுக்கத்தோட ஒட்டிக்குது. பின்னாடி மேக்பத்தை எதிர்க்கிற மேக்டஃபோட சின்னப் பையன் அம்மாகூட துடுக்கா பேசி விளையாடிட்டு இருக்கும்போது, நம்ம கண்ணு முன்னாடி, மேடையிலயே குத்துறாங்க. அந்த இடத்துல மேக்பத் கிடையவே கிடையாது, ஆள் அனுப்பியிருக்கான். அவன் நடுக்கத்தைப் பார்க்கவும் நமக்கு வழியில்ல. அத்தோட நம்ம ஆதரவு அறுந்துபோகுது. ஒரே ஆள், ரெண்டும் கொலை, எதை மறைச்சு எதைக் காட்டுறதுங்கிறதுதான் வித்தியாசம். இது ரொம்ப பவர் உள்ள கருவி, அதனாலயே கொஞ்சம் பயந்து பயன்படுத்தணும். நிஜமா பொண்டாட்டியை அடிக்கிறவனைப் பத்தி எழுதும்போது அடி வாங்குறவளை ஒரு வரியில முடிச்சுட்டு அடிச்சவன் கண்ணீரை பத்து பக்கம் எழுதினா இரக்கம் வரும்தான், ஆனா அந்த இரக்கத்துக்கு அவதான் விலை குடுக்குறா, அது எனக்கு ஒப்பாது.

சின்னத்தனம் விஷயத்துலயும் ஜாக்கிரதையா இருங்க. படிக்கிறவங்க பத்து கொலையைக் கூட மன்னிப்பாங்க, ஆனா தனக்குக் கீழ வேலை செய்றவனை நாலு பேர் முன்னாடி அசிங்கப்படுத்தினா மன்னிக்கவே மாட்டாங்க. காரணம் சிம்பிள், நம்மள்ல யாரும் கொலை செய்யப்பட்டதில்ல, அவமானப்படாதவன் ஒருத்தன் இல்ல. உங்க வில்லன் எடுபிடி ஆள் கன்னத்துல காரணமே இல்லாம அறையுற சீன் இருந்தா, அதுக்கப்புறம் எத்தனை பிளாஷ்பேக் வெச்சாலும் வீண்தான்.

அரிஸ்டாட்டில் கவிதையியல்ல ஒண்ணு சொல்றாரு, படு அயோக்கியன் ஒருத்தன் விழுந்தா நமக்கு இரக்கம் வராது, தகுதிக்கு மீறின துன்பம் வந்தாத்தான் வரும்னு. அதைத் திருப்பிப் போட்டா ஒரு வழி கிடைக்கும், வில்லன் பண்ணின தப்புக்கு மேல அவனுக்கு அடி விழணும், இல்லேன்னா அடி நியாயமில்லாத விதத்துல விழணும். வாலி தம்பி பொண்டாட்டியை எடுத்துக்கிட்டவன்தான், ஆனா மறைஞ்சு நின்னு விட்ட அம்பால விழுந்தவுடனே கேள்வி கேக்குற இடத்துக்கு அவன் வந்துட்டான், இன்னைக்கு வரைக்கும் பட்டிமன்றம் ஓடிட்டுதான் இருக்கு. ஹீரோ ஒரே ஒரு தடவை விதியை மீறட்டும், தராசு எப்படி ஆடுதுன்னு பாருங்க.

கடைசி நேரத்துல திருந்தி ஹீரோவைக் காப்பாத்திட்டு செத்துப்போறது, தயவு செஞ்சு வேண்டாம். செத்துட்டா அவன் பண்ணினதுக்கெல்லாம் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்ல, அது எழுதுறவனுக்கு கிடைக்கிற சலுகை. திருந்தப் போய் திருந்தாம போறதுதான் நெஞ்சை அறுக்கும். டோல்கீனோட லார்ட் ஆஃப் த ரிங்ஸ் கதையில கோலம்னு (Gollum) ஒரு கேரக்டர், மோதிரத்துக்காக ஏங்குறவன், தூங்கிட்டு இருக்கிற ஹீரோ ஃப்ரோடோவோட முழங்கால்ல பாசமா கை வைக்கிற ஒரு நிமிஷம் வரும், அந்த நேரம் அவன் நிஜமாவே மாறியிருக்கலாம், ஆனா ஃப்ரோடோவோட துணையா வந்த சாம் முழிச்சுக்கிட்டு சிடுசிடுன்னு ஏதோ சொல்லிடுறான், கதவு மூடிடுது. அந்தக் கதையிலயே தனக்கு அதிக சோகமான இடம் அதுதான்னு டோல்கீனே ஒரு கடிதத்துல எழுதியிருக்காரு. கவனிச்சா தப்பு நல்லவன் பக்கம் இருந்து வருது, அதுவும் பெரிய தப்பு ஒண்ணும் இல்ல, தூக்கக் கலக்கத்துல வந்த ஒரு வார்த்தை.

வில்லனைப் புடிக்கிறதும் வில்லனுக்காக வருத்தப்படுறதும் ஒண்ணுனு போட்டு குழப்பிக்காதீங்க. ஸ்டைலா பேசுற, கேலியா சிரிக்கிற வில்லனை எல்லாருக்கும் புடிக்கும், அவன் செத்தா யாரும் அழ மாட்டாங்க. மனநோயைக் காரணமா காட்டி முடிச்சுடுறதும் வேண்டாம், வியாதிதான் செஞ்சதுன்னா அவன் எதையும் தேர்ந்தெடுக்கலைனு ஆயிடுது, அதோட அந்த நோயோட வாழுற நிஜ மனுஷங்க மேல தேவையில்லாத பழியும் விழும்.

உங்க கதைக்கு வர்றேன். அந்த மூணு பக்கத்துல அப்பா எதால அடிச்சாரு, அன்னைக்கு அவன் கையில என்ன இருந்துச்சுங்கிற மாதிரி ஒரே ஒரு பொருளையோ பழக்கத்தையோ மட்டும் எடுத்துக்கோங்க, அதை அவன் இப்ப பண்ற ஏதாவது ஒரு காரியத்துக்குள்ள விளக்கம் சொல்லாம வைங்க. அவன் தப்பு பண்ற முதல் பெரிய சீனை ஹீரோ பார்வையில இருந்து அவன் பார்வைக்கு மாத்தி எழுதிப் பாருங்க, அதுல அவனுக்கு ஒரு தடங்கல் வரட்டும். பழைய கதை வெளியில வந்தே ஆகணும்னா அதை அவன் வாயால வர விடாம, அது தெரிஞ்சா யாருக்கு அதிக சங்கடமோ அந்த ஆள் கையில குடுங்க, அவங்க அதைத் தெரிஞ்சுக்கிட்டும் அவனைப் புடிச்சுக் குடுக்கணுமான்னு முடிவெடுக்கிற மாதிரி. முதல்ல ஒரே ஒரு சீனை மட்டும் இப்படி மாத்தி, பிளாஷ்பேக் இல்லாம, இதுக்கு முன்னாடி கதையைப் படிக்காத ஒருத்தர்கிட்ட குடுத்துப் பாருங்க. அந்தத் தடங்கல் வர்ற இடத்துல அவங்க எந்தப் பக்கம் பதறுனாங்கன்னு மட்டும் கேளுங்க, வில்லன் புடிச்சிருக்கானான்னு கேக்காதீங்க.